கடைசிக் காது

பெர்னாட்டின் பெட்டியைக் குழிக்குள் இறக்கி, கயிற்றை உருவி, பங்குச் சாமியார் முதல் பிடி மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு செபத்தின் கடைசி வரிக்கு வந்தபோது பெட்டிக்குள்ளிருந்து கிட்டார் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. மழை விட்ட பிறகு தகரக் கூரையிலிருந்து சொட்டுமே தண்ணீர், அந்த மாதிரி சொட்டுச் சொட்டாக, யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்கிற நிதானத்தில். சாமியாரின் கை அப்படியே நின்றது. எவனோ செல்போனை அணைக்காமல் வந்துவிட்டான் என்று நினைத்துக் கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் தங்கள் சட்டைப் பையைத் தடவினார்கள். பெர்னாட்டின் பொண்டாட்டி மரியபுஷ்பம் எதையும் தடவவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்து கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் அதே கிட்டாரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் அவள். "பாவி மனுஷா, இங்கியுமா?" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

செத்தவன் பெட்டிக்குள் பாட்டு எப்படி வரும், நெஞ்சுக்குள் பேட்டரியா வைத்திருந்தான் என்று கேட்கிறவர்கள் வேறு ஊரில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். டங்கன்பேட்டையில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. அது பூமிக்கு அடியில் பிழைத்த ஊர். பஞ்ச காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு மைசூர் எல்லைக்குத் தங்கம் வெட்டப் போனவர்களின் வாரிசுகள், தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேறிக் குழிக்குள் இறங்கி, தூசியைத் தின்று, தூசியைத் துப்பி, தங்கம் தீர்ந்துபோச்சு என்று கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகும் போக்கிடம் இல்லாமல் அந்த லைன் வீடுகளிலேயே தங்கிப்போனவர்கள். விடியலில் ரயிலேறி பெங்களூருக்குப் போய் யார் வீட்டு கேட்டையோ காவல் காத்துவிட்டு இருட்டில் திரும்புவார்கள். போகாதவர்கள் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டின் நிழலில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள், குடிப்பார்கள், இருமுவார்கள். பெர்னாட்டும் இருமி இருமித்தான் செத்தான். அந்த ஊரில் அது ஒரு சேதியே இல்லை.

சேதி என்னவென்றால் சத்தம். சுரங்கத்தில் பாறை சரிந்து ஆள் மாட்டிக்கொண்டால், உயிர் இருக்கிறவன் காற்றுக் குழாயைச் சுத்தியலால் தட்டுவான். தட்டு கேட்கிறவரைக்கும் அந்தக் குழியை மூடக்கூடாது. மூடக்கூடாது என்றால் துரையே வந்து சொன்னாலும் மூடக்கூடாது. தட்டு கேட்கிறவரைக்கும் அவன் வீட்டில் ஒப்பாரி கூடாது, பொண்டாட்டி தலைப்பூவை எடுக்கக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது, அக்கம்பக்கத்துச் சோறுதான் சாப்பிட வேண்டும். சுரங்கமே மூடிப்போன பிறகும் அந்த வழக்கம் மட்டும் மூடவில்லை, பிழைப்பு போனாலும் பழக்கம் போகுமா? குழிக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்த அமலநாதன், ஒரு காலத்தில் சுரங்கத்துக்குள் கேப்டனாக இருந்து நூறு பேருக்கு மேய்ப்பனாகத் திரிந்தவர், பெர்னாட்டுக்குச் சிநேகிதர், கையைத் தூக்கினார்.

"சாமி, நிறுத்துங்க. தட்டு கேக்குது."

சாமியார் தெற்கத்திக்காரர், புதுசு. "அது தட்டு இல்லியே அமலநாதன். பாட்டுல்ல?"

"உள்ள இருந்து சத்தம் வந்தா எங்களுக்கு அது தட்டுதான் சாமி. மண்ணைக் கீழ போடுங்க. குழிக்குள்ள இல்ல, இப்படி ஓரமா."

சாமியார் மண்ணை ஓரமாகப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். மார்பில் அடித்துக்கொள்ளத் தலையை விரித்துப்போட்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தராகக் கொண்டையை முடிந்துகொண்டார்கள். காலையில்தான் புஷ்பத்தின் தலையிலிருந்து பூவை எடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஓடிப்போய் வேறு பூ வாங்கி வந்து அவள் தலையில் வைத்துவிட்டாள். புஷ்பத்துக்கு ஒப்பாரி தொண்டை வரைக்கும் வந்திருந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

அந்தப் பாட்டுக்குப் பெயர் கிடையாது. இருந்திருக்கும், பெர்னாட்டுக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில், கிறிஸ்மஸுக்கு ஆபீசர் கிளப்பில் சீரியல் பல்பு கட்டப் போன இடத்தில், ஜன்னலுக்கு வெளியே ஏணிமேல் நின்றபடி அதைக் கேட்டிருக்கிறான். உள்ளே பெங்களூரிலிருந்து வந்த தலைமுடி வளர்த்த பையன்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போக இவனுக்கு அனுமதி இல்லை. அப்புறம் ஒரு சட்டைக்காரத் துரை, ஆங்கிலோ இந்தியர், நல்ல மனுஷர், அதன் ரிக்கார்டைக் கேசட்டில் பதிந்து கொடுத்தார், மேலே பெயர் எழுதாமல். அதனால் லைனில் எல்லோருக்கும் அது பெர்னாட் பாட்டு. நாடே சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவன் ஒரே ஒரு இங்கிலீஷ் பாட்டைக் கட்டிக்கொண்டு அழுதான். குழம்பு தீய்ந்தாலும் சரி, பிள்ளை தொட்டிலில் கத்தினாலும் சரி, அந்தப் பாட்டில் கிட்டார் ஏறுகிற இடம் வந்தால் வலது கையைத் தூக்குவான். வீடே வாயை மூட வேண்டும். தனக்காக ஒருநாள் அந்தக் கை இப்படித் தூக்கியதில்லையே என்று புஷ்பத்துக்கு ஆயுசுக்கும் ஆத்திரம். சக்களத்தி இருந்திருந்தால்கூட முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். பாட்டுக்கு முடி ஏது?

"மத்த பாட்டெல்லாம் தடதடன்னு வீட்டுக்குள்ள பூந்துடும்டி. இது வெளியவே நிக்கும்," என்பான். "டிரம்மு இப்ப வரும், இப்ப வரும்னு காட்டுவான், வராது. நீ அதை மறந்துட்டு வேற எதையோ யோசிப்ப பாரு, அப்ப வரும். வந்தா உன் நெஞ்சுக்கூட்டுக்குள்ள வந்து உக்காரும். அப்புறம் கிட்டாரு. ஏறுவான். இதுக்கு மேல ஏற முடியாதுன்னு நமக்கே தெரியும். ஏறுவான். அங்க ஒரு இடத்துல சுருதி தப்புதுடி. கேளு. தப்பிடுச்சா? இன்னொரு தபா வாசிச்சுச் சரி பண்ணியிருக்கலாம் இல்ல? பண்ணல. உட்டுட்டான். அதான்டி மனுஷன் வாசிக்கறதுங்கறது." கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டே தூரமாகப் போவார்கள், சத்தம் மங்கிக்கொண்டே போகும், பெர்னாட் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொள்வான். "முடிக்காமயே போறானுங்க பாரு. எங்கடி போறானுங்க?"

"சோறு துன்னப் போறானுங்க. நீயும் எழுந்து வா," என்பாள் புஷ்பம்.

பெட்டிக்குள்ளிருந்து வந்த பாட்டோ மங்கவில்லை. கேசட்டில் மறைகிற இடத்தைத் தாண்டி மேலே போனது. முதல் நாளே அதைக் கவனித்தவர்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மங்கிய இடத்துக்கு அப்பால் வாசித்தவர்கள் வித்தை எதுவும் காட்டவில்லை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு நடக்கிற ஆட்களைப் போல மெதுவாக, ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்வதைப் போல வாசித்தார்கள், டிரம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது, யாரோ இருமினார்கள், மறுபடி முதலிலிருந்து அந்தச் சொட்டுச் சத்தம். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது, பகலும் ராவும்.

தட்டு கேட்டால் காது வேண்டும். காது வைக்க ஆள் வேண்டும். ஆள் என்றால் ஷிஃப்ட் வேண்டும். அமலநாதன் கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் நின்று பெயர் கூப்பிட்டார். காலைக்கு இத்தனை பேர், மத்தியானத்துக்கு இத்தனை பேர், ராவுக்கு இத்தனை பேர். பரணில் கிடந்த ஹெல்மெட்டுகள் இறங்கின. எலி கடித்த பூட்ஸுகளுக்கு எண்ணெய் போட்டார்கள். சங்குக்குப் பதிலாகக் கோயில் மணி அடித்தது. சாமியார் முதலில் முறைத்தார், பிறகு கயிற்றை அவரே இழுத்தார். பெண்கள் டிபன் கேரியரோடு கல்லறைச் சுவரோரம் வரிசையில் நின்றார்கள். குழியைச் சுற்றிச் சவுக்குக் கட்டை ஊன்றினார்கள், மேலே தகரம் போட்டார்கள், குந்திக் கேட்கிறவன் சாய்ந்துகொள்ளப் பலகை அடித்தார்கள். டிரம் வருகிற இடம் வந்ததும் அத்தனை பேரும் தங்கள் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு லைனில் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தப் பழகிவிட்டன. பாட்டுக் குழுப் பெண்கள் காணிக்கை நேரத்தில் அந்தக் கிட்டார் ஏறுகிற இடத்தை வாயால் இழுத்துப் பாடினார்கள். போலீஸ்காரர் ஒருத்தர் வந்து பார்த்தார். பிணத்தைப் புதைக்காமல் வைத்திருப்பதாகப் புகாராம். "வெச்சிருக்கலியே சார், குழியிலதான கீது," என்றார்கள். அவரும் ஒரு சுற்றுப் பாட்டைக் கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

செத்த ஊருக்கு உயிர் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சீட்டுக்கட்டு காணாமல் போனது. சாராயக்கடைக்காரன் ஈ ஓட்டினான். ஸ்டெல்லா ஒருநாள் சோற்றுத் தட்டைப் புஷ்பத்தின் முன்னால் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்க வீட்டுக்காரரு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து குளிச்சிட்டு, பசிக்குதுடின்னு கேக்கறாருக்கா. பசிக்குதுன்னு அந்த ஆளு வாயால கேட்டு எவ்ளோ வருஷமாச்சு தெரியுமா? உன் புருஷன் மனுஷன் இல்லக்கா, புனிதர்." புஷ்பம் என்ன சொல்வாள்? அவளுக்கு அடுப்பில்லை, அழுகையில்லை, தலையில் தினம் புதுப்பூ. தாலியறுத்தவளும் இல்லை, புருஷன் உள்ளவளும் இல்லை. ஊர் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது. கீழே தள்ள அங்கே இடமில்லை, ஒப்பாரி உட்கார்ந்திருந்தது.

அவள் மகன் ரெஜினால்டு பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டனை அமுக்குகிற வேலையில் இருந்தான். இருபத்தெட்டு வயது. சுரங்கம் மூடும்போது அவன் பள்ளிக்கூடப் பையன், ஒருநாள்கூட உள்ளே இறங்கியதில்லை. அப்பனுடைய பூட்ஸ் அவனுக்குச் சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு காலை ஷிஃப்டுக்குப் போனவன் மத்தியான ஷிஃப்டுக்கும் உட்கார்ந்தான். லிஃப்டு வேலை போனது. போனால் போகட்டும் என்றான். வீட்டுக்கு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, "இன்னிக்கு ரெண்டாவது சுத்துல அந்த ஆர்கன் சத்தம் எவ்ளோ தெளிவா இருந்துச்சு தெரியுமாம்மா," என்று பல் தெரியச் சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ காலம். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவளும் போய் உட்கார்ந்தாள். வேறென்ன செய்வாள், சமைக்கவும் முடியாது அழவும் முடியாது என்றால்? குழியோரம் பலகையில் சாய்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். முதலில் பழைய எரிச்சல்தான் வந்தது. பிறகு எரிச்சல் அலுத்துப்போனது. அலுத்துப்போன பிறகுதான் காது திறந்தது. கிட்டாருக்குக் கீழே இன்னொரு கிட்டார் இருந்தது, தடித்த குரலில், பெரியவன் ஒருவன் சின்னவன் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிற மாதிரி. இத்தனை வருஷத்தில் அதை அவள் கேட்டதே இல்லை. பாடுகிறவனுக்கு நல்ல குரல் இல்லை. தொண்டை கட்டியிருந்தது. உச்சத்துக்குப் போகும்போது எட்டவில்லை, எட்டாமலே நின்றான், எட்டாததை மறைக்கவும் இல்லை. ஒரு நாள் கிட்டார் ஏறுகிற நேரத்தில் ஸ்டெல்லா வந்து ரேஷன் கடையைப் பற்றி ஏதோ பேச ஆரம்பிக்க, புஷ்பத்தின் வலது கை தானாக மேலே போனது. போன கையைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள். "அடப்பாவி, இதுக்காய்யா உயிரை விட்ட," என்று குழியைப் பார்த்துச் சொன்னாள். இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்தது, வந்து போகவில்லை.

சாமியாருக்கு இங்கிலீஷ் தெரியும். பாட்டில் என்னதான் சொல்கிறான் என்று ஒருநாள் அவரிடம் கேட்டாள். அவர் ஒரு சுற்று முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "வார்த்தையில ஒண்ணுமில்லம்மா. ஒரு பையன், ஒரு பொண்ணு. மழை பெய்யுது. அவ பஸ்ல வர்றேன்னு சொன்னா. பஸ் வந்துச்சு, அவ வரல. அவ்வளவுதான்."

"இதுக்கா சாமி இந்தக் கத்து கத்துறானுங்க!"

சாமியாரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். வீட்டுக்கு நடக்கிற வழியில், பஸ் வந்து ஆள் வராமல் போவது அப்படியொன்றும் சின்ன விஷயம் இல்லை என்று தோன்றியது.

நாற்றத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுண்ணாம்பு போட்டார்கள், கல்லுப்பு போட்டார்கள், சாம்பிராணி போட்டார்கள். குழிக்குள் பிழைத்தவர்களுக்கு எந்த நாற்றமும் பழகும். ஒரு மத்தியானம் ஷிஃப்ட் மாறுகிற நேரம், ஆண்களெல்லாம் டீக்குப் போயிருக்க, புஷ்பம் மட்டும் குழியோரம் இருந்தாள். முந்தானையை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பெட்டியின் மூடி ஈரத்தில் உப்பி ஒரு மூலையில் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் ஒரு எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. இன்னொரு சாரை வெளியே வந்துகொண்டிருந்தது. வெளியே வந்த எறும்புகள் எதையோ தூக்கிக்கொண்டு வந்தன. கேட்கிற நமக்கே என்னவோ செய்கிறதே, பெற்றவள் போலப் பேணினவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது. வாயை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு அமலநாதனைத் தேடிப் போனாள்.

"மூடிடலாம்ண்ணா. அவரு செத்துட்டாருண்ணா. எறும்பு பூந்திருச்சு."

"தெரியும் தங்கச்சி."

"தெரிஞ்சுமாண்ணா?"

அமலநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எனக்கு அவன் சிநேகிதன் இல்லியா? என் நெஞ்சு கல்லா? ஆனா இவனுங்களைத் திரும்பிப் பாரு. ஒவ்வொருத்தனும் தலையைச் சீவிக்கிட்டு வர்றான். போன வருஷம் இதே லைன்ல எத்தனை பேரு தூக்குல தொங்கினானுங்க? குழியை மூடிட்டு நாளைக்குக் காலையில இவனுங்க மொகத்தைப் பார்த்து நான் இன்னா சொல்றது? தட்டு கேக்கறவரைக்கும் வேலை கீதும்மா. மூடிட்டா ஒண்ணுமில்ல." அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் கொடுமை.

அதற்கப்புறம் சத்தம் இறங்க ஆரம்பித்தது. பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது இப்போது பெட்டிக்கு அடியிலிருந்து வந்தது. பிறகு அதற்கும் அடியிலிருந்து. குனிந்து கேட்டவர்கள் மண்டியிட்டுக் கேட்டார்கள். பிறகு ஒரு இரும்புக் குழாயைப் பெட்டியின் ஓரமாக மண்ணுக்குள் அடித்து இறக்கி அதில் காதை வைத்தார்கள். குழாயில் வைத்தால் கணீரென்று கேட்டது. குழாய்க்கு வெளியேயும், காற்று நின்றால், ஊருக்கே கேட்டது. பாட்டு கீழே போகிறது என்றால் பின்னாலேயே போக வேண்டியதுதானே, மாட்டிக்கொண்ட ஆளை விட்டுவிட்டா உட்காருவார்கள்? பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டுவது என்று முடிவானது. சவுக்குக் கட்டையும் கயிறும் கப்பியும் வந்து இறங்கின. முதல் ஆளாக இறங்கப் பெயர் கொடுத்தவன் ரெஜினால்டு. பெற்ற மகனுக்கு இல்லாத உரிமையா என்று ஊரே அவன் முதுகைத் தட்டியது.

கல்லறைத் தோட்டத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று டங்கன்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். தோண்டித் தீர்த்த குகைகள் இருக்கின்றன, குகை நிறையக் கறுப்புத் தண்ணீர் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கங்கே தரை உள்வாங்கும். ஒரு தடவை சுவரோரம் மேய்ந்துகொண்டிருந்த மாடு, முளைக்குச்சியோடும் கயிற்றோடும் போய்விட்டது. கத்தினது மட்டும் கொஞ்ச நேரம் கேட்டதாம். மழை வேறு ஆரம்பித்திருந்தது. தகரத்தின் மேல் விழுகிற தூறலையும் பாட்டின் சொட்டுச் சத்தத்தையும் பிரித்துக் கேட்பதே கஷ்டமாக இருந்தது.

"டேய், அடியில தண்ணிடா," என்றாள் புஷ்பம்.

"அப்பா அங்கதானம்மா போறாரு." ரெஜினால்டு பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா எங்கியும் போகல. பெட்டியிலதான் கீறாரு. நீ போய்ப் பாரு, நான் பார்த்தேன்."

"பெட்டியில இருக்கறது உடம்பும்மா. அப்பா பாட்டுலதான் இருக்காரு. நான் இறங்குவேன். இத்தினி நாள்ல எனக்குன்னு கெடச்ச வேலை இதுதான்."

"நீயும் போயிட்டா நான் எந்தக் குழிகிட்டப் போயி உக்காருவேன்டா?"

அவன் பூட்ஸின் நாக்கை இழுத்துவிட்டு இன்னொரு பூட்ஸை எடுத்துக்கொண்டான். புஷ்பம் மறுநாள் நேராகப் போய் அமலநாதன் முன்னால் நின்றாள். "அண்ணா, கடைசிக் காது என்னுது. இன்னும் என்னைக் கேக்கல."

இது என்ன பேச்சு என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சுரங்கத்துச் சரிவில் முதல் காது கேப்டன் காது, கடைசிக் காது பொண்டாட்டி காது. ஊரே கேட்டு முடித்தாலும் மாட்டிக்கொண்டவனின் மனைவியைக் கூப்பிட்டுக் குழாயில் காதை வைக்கச் சொல்லி மூன்று முறை கேட்பார்கள். அவள் சொல்வதுதான் முடிவு. எந்தப் பெண் முதல் தடவையே கேக்கல என்று சொல்வாள்? கித்தேரியம்மாள் என்று ஒருத்தி, கேப்டன் காதுக்கு மூச்சு பேச்சில்லாத குழாயில் காதை வைத்துக்கொண்டு, கேக்குது, கேக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் பேச்சை நம்பித் தோண்டப் போன இரண்டு பேர் மேல் இன்னொரு சரிவு விழுந்தது. அதற்காக அவளை ஊரில் ஒருத்தரும் ஒரு சொல் சொன்னதில்லை. பொண்டாட்டி காது பொய் சொல்லாது, சொன்னாலும் அது பொய் இல்லை என்பார்கள். அதனால் புஷ்பம் வந்து உரிமை கேட்டதும் அமலநாதனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நல்ல காரியம் தொடங்குமுன் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குவதைப் போல, இவள் வாயால் கேக்குது என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு பையன்களை இறக்கலாம். "ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் வெச்சுக்கலாம் தங்கச்சி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியாரும் ஊரும் கல்லறைத் தோட்டத்தில் வந்து நின்றார்கள். ஆண்கள் ஹெல்மெட்டோடு நின்றார்கள். ரெஜினால்டு இடுப்பில் கயிறு கட்டியாகிவிட்டது, நுனியை நாலு பேர் பிடித்திருந்தார்கள். தூறல் நின்றிருந்தது. பாட்டு அடியிலிருந்து சுத்தமாகக் கேட்டது. புஷ்பம் சேற்றில் மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தாள்.

"பெர்னாட் பொண்டாட்டி மரியபுஷ்பம், கேக்குதா?" என்றார் அமலநாதன், பழைய கேப்டன் குரலில்.

டிரம் வந்தது. அத்தனை பேரும் ஹெல்மெட்டில் தட்டினார்கள்.

"கேக்கல," என்றாள்.

பின்னால் நின்ற சிலர் சிரித்தார்கள், பாவம் அவளுக்குக் கேள்வி புரியவில்லை என்று. அமலநாதன் குனிந்து, "காதை நல்லா வெச்சிக் கேளு தங்கச்சி," என்றார். பிறகு நிமிர்ந்து, "பெர்னாட் பொண்டாட்டி மரியபுஷ்பம், கேக்குதா?"

"கேக்கல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ரெஜினால்டு கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான். "அம்மா! பொய் சொல்லாதம்மா! ஊருக்கே கேக்குது, உனக்குக் கேக்கலியா?" ஸ்டெல்லா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "அக்கா, வேணாம்க்கா, வேணாம்க்கா," என்றாள். அவள் புருஷன் ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான், பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்த குழந்தை போல. புஷ்பம் அவனையும் பார்த்தாள். அவனை என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அமலநாதன் குரல் இறங்கிவிட்டது. "மூணாவது தபா கேக்கப்போறேன் புஷ்பம். உன் வாயில இருந்து அது வந்துட்டா அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல. யோசிச்சுச் சொல்லு." பிறகு வழக்கப்படி கேட்டார்.

கிட்டார் ஏற ஆரம்பித்திருந்தது. புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் ஒன்றை அவள் கேட்டதில்லை; அவள் புருஷன் சொன்னது அத்தனையும் சரி; அது ஏறியது, இதற்கு மேல் முடியாது என்கிற இடத்திலும் ஏறியது, அவளுடைய விலாவெலும்புக்குள் புகுந்து ஏறியது. குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த இடம் முழுக்கக் கேட்டாள். ஊரும் அவளோடு காத்திருந்தது. கிட்டார் இறங்கி, எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கியபோது கண்ணைத் திறந்தாள்.

"கேக்கல," என்றாள்.

அமலநாதன் ஹெல்மெட்டைக் கழற்றினார். வழக்கம் அவர் போட்டதில்லை, மீறவும் அவருக்கு உரிமையில்லை. ஒவ்வொருத்தராகக் கழற்றினார்கள். சாமியார் குனிந்து ஓரத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து செபத்தைச் சொல்லி, பாடிக்கொண்டிருந்த குழிக்குள் போட்டார். ஸ்டெல்லா வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, புஷ்பத்தின் தலையிலிருந்து பூவைப் பிடுங்கி எடுத்தாள். குழாயை உருவினார்கள். மண்வெட்டியை ரெஜினால்டின் கையில் கொடுத்தார்கள், பெற்ற மகன்தானே முதலில் தள்ள வேண்டும். இடுப்புக் கயிற்றை அவிழ்க்காமலே வாங்கிக்கொண்டு நின்றான். குவியலில் மண்வெட்டியை ஊன்றினவன் அம்மா பக்கத்தில் குனிந்தான்.

"நிஜத்தைச் சொல்லும்மா. உனக்கு நிஜமாவே கேக்கலியா?"

அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "கேக்குதுடா," என்றாள். "நீ மூடு."

அவன் மண்ணைத் தள்ளினான். முதல் வெட்டு மண் பெட்டிமேல் விழுந்த சத்தத்தில் புஷ்பத்துக்கு அழுகை திறந்துகொண்டது.